கல் திரும்பி வரும்வரை

திறந்து காட்டுவதில் ஒன்றும் இல்லை, ஒரு ஜிப்புதான், அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டு இளிக்கிற ஜிப்பு, இழுத்தால் வந்துவிடும், ஆனால் அனுசியா இழுக்க மாட்டாள். முடிவு பண்ணிவிட்டாள். முடிவு பண்ணி எவ்வளவு நேரமாகிறது என்று தெரியவில்லை, கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது, திரும்பிப் பார்த்தால் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் திரும்பவில்லை. பை மேஜைமேல் கிடந்தது. ஊதாப் பை, ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெஷினுக்கு அடியில் அவள் காலோரம் கிடந்த பை, இப்போது நடுமேஜையில், கல் பார்க்கிற வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்து போட்ட மாதிரி கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ருக்குமணியம்மா. அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுக்காரர், காதில் வைரம், மூக்கில் வைரம், வாயில் ஏலக்காய். அவருடைய அம்மா போட்டிருந்த ஏழுகல் தோட்டை அழித்துப் பேத்திக்கு நெக்லஸ் செய்யப்போகிறாராம், ஆசாரி கல்லையெல்லாம் நோண்டி எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்திருந்தான், அந்தக் கல்லெல்லாம் பூமியிலிருந்து வந்ததுதானா அல்லது மெஷினில் வளர்த்ததா என்று பார்த்துச் சான்றிதழ் கார்டு வாங்கிப்போகத்தான் இந்தச் சின்ன லேபுக்கு வந்தார். பார்த்தார்கள். பாதிக் கல் பார்த்ததும் மெஷின் திரையில் ஒரு கல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு முதலாளி தண்டபாணி சாரும் அந்த அம்மாவின் மகனும் தேர்முட்டிப் பக்கம் இருக்கிற பெரிய லேபுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை இவள் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும், பை அந்த மேஜையில் இருக்க வேண்டும். அப்படி யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அப்படித்தான்.

ரெஃபர் என்றுதான் சொன்னாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, போலி என்று சொல்லவில்லை, டூப்ளிகேட் என்று சொல்லவில்லை, மெஷினில் வளர்த்த லேப் கல் என்றுகூடச் சொல்லவில்லை, "சார், இது ரெஃபர் காட்டுதுங்க" என்றாள். ரெஃபர் என்றால் இந்த மெஷினுக்குத் தெரியவில்லை, பெரிய மெஷினில் போட்டுப் பாருங்கள் என்று அர்த்தம், வேறு ஒரு எழவும் இல்லை. திரையில் மற்ற கல்லெல்லாம் லேசான நீலமாகவோ இருட்டாகவோ இருக்க, இது ஒன்று மட்டும் ஓரத்தில் ஆரஞ்சாக, கங்கு மாதிரி நின்றது. மெஷினில் வளர்த்த கல் சிலது அப்படி ஆரஞ்சாக மின்னும், அதனால் மெஷின் வட்டம் போட்டுவிட்டது, மெஷினுக்கு அதுதான் வேலை. ருக்குமணியம்மா எட்டிப் பார்த்தார். "அதென்னது செகப்பா? அப்ப டூப்ளிகேட்டா?" என்றார். "டூப்ளிகேட்டுன்னு இல்லீங்கம்மா, இன்னொருக்காப் பாக்கணும்" என்றாள். "என்றம்மா கல்லு. என்றம்மாளுக்கு அவங்கம்மா போட்டது. அந்தக் காலத்துல ஏது அம்மணி மெஷினு?" அதுவும் சரிதான், அந்தக் காலத்தில் ஏது மெஷின். அந்தச் சரியான கேள்வியிலிருந்து அந்த அம்மா நேராக எங்கே வந்து இறங்கினார் என்றால் இவள் கையில், கல்லை மாற்றின கை இதுதான் என்று. கண்ணால் இவள் விரலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அப்புறம் குனிந்து மேஜைக்கடியில் காலைப் பார்த்தார், காலோரம் பையைப் பார்த்தார். "கல்லைத் தாள்ல இருந்து கொட்டுனது யாரு? இந்தப் புள்ளதானே?" அதைத் தண்டபாணி சாரைப் பார்த்துக் கேட்டார். சார் கழுத்தைச் சொறிந்தார். அதுதான். அந்தச் சொறிதல்தான். கல்லில் வந்த ஆரஞ்சைவிட அதுதான் அனுசியாவுக்குள் போய் மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. ஏனென்றால் தாளைப் பிரித்ததும் கல் ஓரத்தில் ஏதோ பிசுக்கு இருந்தது, பழைய அரக்கோ அழுக்கோ, "சார், ஊற வெச்சுக் கழுவிட்டுப் போடட்டுமா" என்று கேட்டாள், "அம்மாவுக்கு நேரமாகுது, ஈரத்துணியில தொடச்சுப் போடு, போதும்" என்றது அவர்தான். துடைத்தாள். போட்டாள். அந்தம்மா இருந்தார், கார்டு அடிக்கிற மகேஸ்வரி அக்கா இருந்தார், எல்லாரும் கேட்டார்கள். நான்தான் கழுவ வேண்டாம் என்று சொன்னேன், அதனால் இருக்கும் என்று சார் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஒன்றே ஒன்று. அதற்குப் பதிலாகக் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "அனு, அந்தப் பையை எடுத்து மேல வையி" என்றார்.

அவள் வைத்தாள். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது. வைத்திருக்கக் கூடாது. சொன்ன உடனே கை போய்விட்டது, கைக்கு அறிவில்லை, அவள் யோசிப்பதற்குள் குனிந்து எடுத்து வைத்துவிட்டது. வைத்த பிறகு "தொறந்து காட்டு கண்ணு" என்று ருக்குமணியம்மா சொன்னபோதுதான் அறிவு வந்து சேர்ந்தது. "மாட்டேன்" என்றாள். கத்தவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள், குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது, டீ வேண்டாம் என்று சொல்கிற மாதிரி.

ஏசி நேராகத் தலையில் அடித்தது. கல் வியாபாரத்தில் வியர்க்கக் கூடாதாம், வியர்வை கல்லில் பட்டால் மங்கும் என்று சார் அதைக் குறைக்க விடமாட்டார். வலது கால் மரத்துவிட்டது. மாற்றிப் போடலாம். மாற்றிப் போட்டால் அந்தம்மா காலைப் பார்ப்பார், ஏதோ மறைக்கிறாள் என்பார், சரி மரக்கட்டும். அந்தம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருட்டுப் பட்டம் கட்டிவிட்டுப் பேச்சும் கொடுக்க முடிகிறது சில பேரால். "உனக்கு எந்தூரு அம்மணி?" "கோயமுத்தூருங்க." "கோயமுத்தூர்ல எங்க?" "உக்கடம் தாண்டி." "உக்கடம் தாண்டின்னா?" "குறிச்சிப் பக்கம்." "குறிச்சியில நம்ம சொந்தக்காரங்க இருக்கறாங்க, எந்த வீதி?" இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அனுசியாவுக்குத் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மகேஸ்வரி அக்காவுக்கும் தெரியும். பஸ்ஸில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், வேலைக்குச் சேர வந்தபோது சார்கூட, "அப்பா பேரு என்ன, பெரியப்பா சித்தப்பாவெல்லாம் எங்க இருக்கறாங்க" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். ஊரைக் கேட்டு, வீதியைக் கேட்டு, கோயிலைக் கேட்டு, ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டே வந்து கடைசியில் தெரிந்துகொண்டதும் "ஓ" என்பார்கள். அந்த "ஓ" ரொம்பச் சின்னது. அதற்கு அப்புறம் தண்ணீர் வேறு டம்ளரில் வரும், அல்லது வராது. "ஹவுசிங் போர்டுங்க" என்றாள். ருக்குமணியம்மா "ஓ" என்றார்.

கல்லுக்கும் இதே கேள்விதான். இது எந்த ஊர்க் கல், ஆப்பிரிக்காவா, ரஷ்யாவா, நம்ம கோல்கொண்டாவா. கோல்கொண்டா என்று கேட்டு வருகிற பாட்டிமார்களுக்குக் கணக்கே இல்லை, எல்லார் வீட்டு மூக்குத்தியும் அங்கிருந்து வந்ததுதானாம், அங்கே தோண்டினதைவிட இங்கே மூக்கில் இருப்பது அதிகம் போல. போன மாதம் வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவன் வந்தான், நிச்சயதார்த்த மோதிரம், சண்டை நடக்கிற நாட்டுச் சுரங்கக் கல் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான். சார் அவனிடம் சொன்னதை அனுசியா கேட்டுக்கொண்டிருந்தாள். மண்ணிலிருந்து எடுத்ததா மெஷினில் வளர்ந்ததா என்று கருவி சொல்லிவிடும் தம்பி, ஆனால் பட்டை தீட்டின கல்லைப் பார்த்து எந்தச் சுரங்கம் என்று எங்கள் கருவி சொல்லாது. தீட்டாத கல்லாக இருந்தால் அதன் தோலைப் பார்த்துக் கொஞ்சம் யூகிக்கலாம், தீட்டின பிறகு அது எல்லாம் போய்விடும். சுரங்கத்திலிருந்து கை மாறிக் கை மாறி வருகிறபோது ஒவ்வொரு கையும் இது இன்னாரிடமிருந்து வாங்கியது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும், நடுவில் ஒரு ஆள் சொல்லாமல் விட்டால் அதோடு தொலைந்தது. அன்றைக்கு அனுசியாவுக்கு அது பிடித்திருந்தது. உலகத்திலேயே விலை கூடின பொருள், கடைசியில் அதுக்கு ஆதாரம் நாலு பேர் வாய்தான். இன்றைக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அந்தச் சங்கிலியில் பேச வேண்டிய ஆள் கழுத்தைச் சொறிந்தார்.

மகேஸ்வரி அக்கா எழுந்து வந்தார். நல்லவர்தான், மதியம் பொரியல் கொடுப்பார், டம்ளர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மறதி, அனுசியாவின் டம்ளரை எப்போதும் தனியாக ஜன்னலில் வைத்துவிடுவார். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "தொறந்து காட்டிரு அனு. ஒரு நிமிசம். உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா முடிஞ்சு போச்சு" என்றார். "ஒண்ணும் இல்லேன்னு நான் சொல்றனே அக்கா." "நீ சொன்னா எப்புடி?" "அந்தம்மா அவங்கம்மா கல்லுன்னு சொன்னா ஒத்துக்கறீங்க." அக்கா "வாய் வாய்" என்று முனகிவிட்டுப் போய் உட்கார்ந்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். சீப்பு, பல் போனது. பஸ் காசு. ஒரு நாப்கின், பேப்பரில் சுற்றினது. அம்மாவுக்கு வாங்கின முழங்கால் தைலம். பாதி கொய்யா, மிளகாய்ப்பொடி போட்டது, அது கசிந்து சீப்பெல்லாம் காரமாக இருக்கும். யாருக்குப் பார்த்து என்ன ஆகப்போகிறது. ஒளிக்க ஒன்று இருந்தால்கூடத் திறக்காததற்கு ஒரு காரணம் இருக்கும், அழகாக ஒரு காதல் கடிதம், ஒரு சிகரெட், ஏதாவது. இல்லை. வெறும் கொய்யாக்காய்க்கு இவ்வளவு வீம்பா என்று அவளே கேட்டுக்கொண்டாள். கேட்டால் உள்ளே இருந்து பதில் ஒன்றுதான் வந்தது: ஆமா.

அவள் அம்மாவாக இருந்தால் திறந்திருப்பாள். கேட்கவே விட்டிருக்க மாட்டாள். அம்மா ரேஸ்கோர்ஸ் பக்கம் வீட்டு வேலை செய்கிறாள், லீவு நாளில் அனுசியாவும் கூடப் போவாள், அப்போது மூன்றாவதோ நாலாவதோ, பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து கோலி விளையாடிக்கொண்டிருப்பாள். வேலை முடிந்ததும் அம்மா வாசலுக்கு வந்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "போயிட்டு வரணுங்க" என்று சொல்லி, கையிலிருக்கிற மஞ்சப் பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறுவாள். யாரும் உதறச் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மா போனில் பேசிக்கொண்டிருப்பார், பார்க்கக்கூட மாட்டார், அம்மா உதறுவாள். முந்தானை முடிச்சைப் பிரித்து உதறுவாள். அப்புறம் ஒருநாள் "அனு, நீயும் பாவாடையை உதறு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், விளையாட்டு மாதிரி. உதறினாள். பாக்கெட்டிலிருந்து கோலிக்குண்டு விழுந்து டங் டங்கென்று படியில் இறங்கிப் போனது. அது அவளுடைய கோலிதான், உக்கடத்தில் வாங்கினது, ஆனால் வீட்டுக்காரம்மா அந்தச் சத்தத்துக்குத்தான் முதல்முறையாகப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அது யாருது?" என்றார். அம்மா முகம் போன போக்கு. அம்மா அந்தக் கோலியை எடுத்து அங்கேயே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தாள். "என்றதும்மா அது, என்றது" என்று பஸ் ஏறுகிறவரை அழுதாள், "தெரியும் விடு" என்றாள் அம்மா. தெரியுமாம். தெரிந்தே வைத்துவிட்டு வந்தாள். அம்மாவை அதற்காகத் திட்ட முடியாது, இத்தனை வருஷம் எந்த வீட்டிலும் ஒரு பேச்சு வாங்காமல் வேலை பார்த்திருக்கிறாள், உதறித்தான் பார்த்திருக்கிறாள். திட்டவில்லை. ஆனால் அம்மா உதறினது போதும். இரண்டு பேருக்கும் சேர்த்தே உதறிவிட்டாள்.

பயம் இல்லை என்றால் பொய். லேப் கல் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகப் படம் ஓடியது, நிறுத்தினால் நிற்கவில்லை. போலீஸ் வரும். பெண் போலீஸ் பின்பக்க ரூமுக்குக் கூட்டிப்போகும். பையில் கல் இருக்காது, உடம்பில் பார்ப்பார்கள், உடம்பிலும் இருக்காது, அப்போதும் விடமாட்டார்கள், விழுங்கிவிட்டாள் என்பார்கள். வைரம் விழுங்கினால் செத்துப்போவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சும்மா, தின்ற சோறு மாதிரி வெளியே போய்விடும் என்று சார் சொல்லியிருக்கிறார். அந்தக் கல் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அதை வைத்து என்ன பண்ணுவாள், யாரிடம் போய் விற்பாள், ஹவுசிங் போர்டு பெட்டிக்கடையிலா? இதையெல்லாம் சொல்லலாம். வாயைத் திறந்து, அம்மா, ஆசாரி நோண்டும்போது மாறியிருக்கலாம், உங்கள் அம்மா காலத்திலேயே ஒரு கல் விழுந்து வேறு போட்டிருக்கலாம், போன தீபாவளிக்குப் பாலிஷ் போடக் கொடுத்த கடையில் மாற்றியிருக்கலாம், அழுக்காக இருக்கலாம், எத்தனையோ இருக்கலாம் என்று. ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் அதுவும் உதறுவதுதான். வாயால் உதறுவது. அதனால் சொல்லவில்லை. ருக்குமணியம்மா ஏலக்காயை மென்றுகொண்டு, "படிக்கிற வயசுல எதுக்கு அம்மணி வேலைக்கு வந்தே?" என்றார். "படிக்கப் புடிக்கல." "வீட்ல கஷ்டமா?" "இல்லீங்க. புடிக்கல." இதையும் ஒருத்தரும் நம்புவதில்லை. பதினொன்றாவதில் பாதியில் நின்றாள், யாரும் நிறுத்தவில்லை, அப்பா குடிகாரர் இல்லை, அம்மாவுக்கு நோய் இல்லை, ஒரு வாத்தியார் கையைப் பிடித்து இழுக்கவில்லை, கொட்டாவியாக வந்தது, நின்றுவிட்டாள். எல்லாரும் ஒரு சோகக் கதைக்குத் துண்டு விரித்து உட்காருகிறார்கள். இல்லாத கதையை எங்கே போய் எடுத்துக் கொடுப்பது. கதை இருந்தால் பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் திமிர் என்பார்கள், திமிர் என்றே இருக்கட்டும்.

மெஷினில் வளர்த்த கல்லைப் பற்றியும் அப்படித்தான் பேசுகிறார்கள். சூரத்தில் சில வாரத்தில் வளர்ந்துவிடுகிறதாம், மண்ணுக்கடியில் கோடி வருஷம் கிடந்ததோ இல்லையோ, கரி ஒன்றுதான், வெட்டினால் அதே வெட்டு, மின்னினால் அதே மின்னல். வந்து வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளித்து, "அது வேண்டாங்க, டூப்ளிகேட்" என்கிறார்கள். கண்ணாடியை வைரம் என்றால் அது டூப்ளிகேட். வைரத்தை வைரம் இல்லை என்றால் அதுக்கு என்ன பேர்? வளர்த்தது என்று சொல்லி விற்றால் என்ன தப்பு, மறைத்து விற்கிறவன் தப்புக்குக் கல் என்ன பண்ணும்? அனுசியாவுக்கு அந்தக் கல்லெல்லாம் பிடிக்கும், மெஷின் அணைத்த பிறகும் சிலது இருட்டில் கொஞ்ச நேரம் தானாக ஒளிரும், யாரும் பார்க்காதபோது அதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் மெதுவாக மூடியைத் திறப்பாள். சரி, அது இருக்கட்டும். இப்போது என்ன வரும்? நல்ல கல் என்று வரட்டும், சாமி, நல்ல கல் என்று வரட்டும். நினைத்ததும் திடுக்கென்றது. அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கூட இருந்தாள் போலிருக்கிறது. எதற்கு வேண்ட வேண்டும்? கல் நல்ல கல்லாக இருந்தால்தான் அவள் நல்லவளா? வேறு யாரோ எங்கேயோ மாற்றின கல்லாக இருந்தால் அவள் திருடியா? தேர்முட்டியில் ஒரு டப்பாவுக்குள் கிடக்கிற எள்ளளவு சமாச்சாரம், அது சொல்வதற்கு ஏற்ற மாதிரி இங்கே இவள் மாறுவாளா? இது எப்படி நியாயம்? இந்த இடத்தில் வந்து யோசனை முட்டிக்கொண்டு நின்றது. சுற்றி வந்தாள், கோலி, கொய்யா, போலீஸ், அம்மா, ஆரஞ்சு, திரும்பவும் அதே இடத்தில் முட்டியது. கல் எதுவாக வேண்டுமானாலும் வரட்டும். அவள் எடுக்கவில்லை. கல் வருவதற்கு முன்னாலேயே எடுக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு கல் வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடித்ததும் பயம் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. ஆனால் காலை மாற்றிப் போட்டாள். ருக்குமணியம்மா பார்த்தார். பார்க்கட்டும்.

படியில் செருப்புச் சத்தம். இரண்டு பேர், ஒருத்தர் வேகமாக. இவ்வளவு யோசித்து என்ன பிரயோஜனம், தலை அதுபாட்டுக்குக் கதவுப் பக்கம் திரும்பியது. கதவைத் தள்ளிக்கொண்டு தண்டபாணி சார் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு, பின்னால் அந்த மகன் போனைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுமில்லைங்கம்மா. அசல் இயற்கைக் கல்லுங்க. ஓரத்துல அரக்கு ஒட்டியிருந்துருக்குது, அந்தக் காலத்துக் கட்டுல அரக்கு வெச்சுத்தானே பதிப்பாங்க, அந்த அரக்குத்தான் ஆரஞ்சாக் காட்டியிருக்குது. ஸ்பிரிட்ல ஊற வெச்சு எடுத்துப் போட்டாப் பளிச்சுன்னு பாஸாயிருச்சுங்க" என்றார். ருக்குமணியம்மா நெஞ்சில் கை வைத்தார். "நாந்தான் அப்பவே சொன்னனே. என்றம்மா கல்லு அப்படி இருக்காதுன்னு." அது மட்டுமா சொன்னீர்கள் என்று அனுசியா நினைத்தாள். மகேஸ்வரி அக்கா "அப்பாடா" என்று நாற்காலியைச் சுழற்றினார். அறை முழுக்கச் சட்டென்று இளகிவிட்டது, கல்யாண வீட்டில் காணாமல்போன சாவி கிடைத்த மாதிரி, எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள். ருக்குமணியம்மா எழுந்து எட்டிப் பையை அவள் பக்கம் தள்ளினார், விரல் நுனியால். "எடுத்துக்க கண்ணு. மனசுல வெச்சுக்காதே. நீ நல்ல புள்ளதான்." சார் ஏசியைப் பார்த்துக்கொண்டு, "அனு, மிச்சக் கல்லையும் போட்டுக் குடுத்துரு. அம்மாவுக்கு நேரமாகுது" என்றார்.

அனுசியா எழுந்தாள். பையை எடுக்கவில்லை. கண்ணாடிக் குவளையை எடுத்தாள், ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள், மூக்கில் ஏறியது. மிச்சக் கல்லைத் தாளோடு சாய்த்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டாள். "கழுவித்தான் போடுவேன். நேரமாகும். உக்காருங்கம்மா" என்றாள். ருக்குமணியம்மா சாரைப் பார்த்தார், சார் குவளையைப் பார்த்தார், அந்தம்மா உட்கார்ந்தார். அனுசியா குவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "சார், லேப் கல்லுன்னு வந்திருந்தா?"

"அதான் வரலையே."

"வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எதுக்கு இப்ப அது? முடிஞ்சு போனதை விடு."

"எனக்கு முடியல சார்."

"ஏம்மணி, அதான் உன்ற மேல தப்பில்லேன்னு ஆயிப்போச்சே" என்றார் ருக்குமணியம்மா.

"உங்களைக் கேக்கலீங்கம்மா" என்றாள். அந்தம்மாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அனுசியா குவளையை விளக்குக்குப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். பழுப்பாக ஒரு நூல் ஒரு கல்லின் ஓரத்திலிருந்து பிரிந்து ஸ்பிரிட்டுக்குள் இறங்கியது. சார் மறுபடியும் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார், பாதி வழியில் அவள் பார்ப்பதைப் பார்த்துக் கையைக் கீழே போட்டார்.

"பையைத் தொறக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. "வேற என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல அனு. அதைத்தான் பண்ணியிருப்பேன்."

அவள் இடுக்கியை எடுத்தாள். இவ்வளவு நேரமாக அவள் கேட்ட முதல் உண்மை அதுதான், அதனால் அவளும் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தொறந்திருக்க மாட்டேன் சார்" என்றாள். முதல் கல்லைக் குவளையிலிருந்து எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அரக்கு இருந்தது. திரும்ப உள்ளே போட்டாள்.